நிலவறை நெருப்பு: டொரன்டோ வீடுகளில் ஃபர்னஸின் வரலாறும் ஆயுளும்

ஃபர்னஸ் என்பது வீட்டின் நிலவறையில் நின்று, எரிபொருளை எரித்து, அதன் சூட்டைக் காற்றுக்கு மாற்றி, தகரக் குழாய்கள் வழியே அறைதோறும் அனுப்பும் கருவி. கனடாவின் டொரன்டோவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பெரும்பாலான தனிவீடுகள் குளிர்காலத்தைக் கடப்பது இயற்கை எரிவாயு ஃபர்னஸின் துணையால்தான். அக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை அதற்கு வேலை உண்டு. வெளியே வெப்பநிலை −20 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிய ஜனவரி இரவொன்றில் அது நின்றுவிட்டால், விடிவதற்குள் வீடு சில்லிட்டுவிடும். மேலும் தாமதித்தால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், சொந்த வீடு வாங்கியபோது புதிதாகப் பழகிக்கொண்ட கருவிகளில் இதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்து வீட்டில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

எரிவாயு ஃபர்னஸ் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற கேள்விக்கு இன்று கிடைக்கும் விடை 15 முதல் 20 ஆண்டுகள். ஆனால் இதே நகரில் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஓடிய ஃபர்னஸ்களும் இருந்தன. அவற்றுள் பல அகற்றப்பட்டது தேய்ந்து போனதால் அல்ல. ஊருக்கு வரும் எரிபொருள் மாறியது, அதனால் அகற்றப்பட்டன. இன்றைய ஃபர்னஸோ எரிபொருள் மாறாமலே தன் உறுப்புகளின் தேய்வால் ஓய்கிறது. ஆயுள் குறைந்ததற்கும் பயன்திறன் கூடியதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பை அறிந்தவருக்குப் புதிய ஃபர்னஸைத் தேர்வது எளிதாகும்.

டொரன்டோவின் பழைய செங்கல் வீடு ஒன்றின் பக்கச் சுவரைப் பார்த்தாலே இந்த வரலாறு தெரியும். தரையை ஒட்டிச் சிறிய இரும்புக் கதவு. சில வீடுகளில் அது செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கும். அது நிலக்கரி கொட்டிய வழி. சற்றுத் தள்ளி மூடியிட்ட குழாய்முனை; அது எண்ணெய் ஊற்றிய வழி. மேலே செங்கல் புகைபோக்கி. கீழே சுவரைத் துளைத்து வெளியே நீளும் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள். ஒவ்வொன்றும் ஒரு காலம்.

நிலக்கரியும் வார்ப்பிரும்பும்

தொடக்கத்தில் அறைக்கு ஒரு நெருப்பு எரிந்தது. சுவரில் கட்டிய திறந்த கணப்பு, எரித்த விறகின் சூட்டில் பெரும்பகுதியைப் புகையோடு வெளியே அனுப்பிவிடும். பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் பென்சில்வேனியாவில் வடிவமைத்த இரும்பு அடுப்பு அந்த இழப்பைக் குறைக்க எடுத்த பெயர்பெற்ற முயற்சி. 19ஆம் நூற்றாண்டில் நெருப்பு அறையை விட்டு நிலவறைக்கு இறங்கியது. வீட்டுக்கு ஒரே நெருப்பு, அதிலிருந்து எல்லா அறைகளுக்கும் சூடு என்ற ஏற்பாடு அப்போது பிறந்தது.

அந்தக் கால ஃபர்னஸில் விசிறி கிடையாது. சூடான காற்று இலேசாகி மேலே ஏறும், குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும் என்ற இயல்பை நம்பியே அது இயங்கியது. காற்று தானாக ஏற வேண்டுமானால் குழாய்கள் அகலமாகவும் சரிவாகவும் இருந்தாக வேண்டும். நிலவறையின் நடுவில் பெரிய இரும்பு உருளை, அதிலிருந்து எல்லாத் திசையிலும் மேல்நோக்கி வளைந்து செல்லும் பருத்த கைகள். இந்தத் தோற்றத்தால் அதற்கு ‘ஆக்டோபஸ்’ என்றே பெயர் நிலைத்தது. சூடு வீணாகாதிருக்க அந்தக் கைகளின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றினார்கள். அந்த நார் நுரையீரலைக் கெடுக்கும் என்பது பின்னாளில் உறுதியானது. இன்றும் பழைய வீட்டில் ஃபர்னஸ் மாற்றும்போது அந்த வெள்ளைச் சுற்றைக் கண்டால், அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்களை அழைத்த பிறகே மற்ற வேலை தொடங்க வேண்டும்.

நிலக்கரி ஃபர்னஸ் ஒரு ஆளின் உழைப்பைக் கேட்டது. காலையில் அடித்தட்டியை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். புதுக் கரி அள்ளிப் போட வேண்டும். காற்றுக் கதவைத் திறந்து தணலை எழுப்ப வேண்டும். இரவில் தணலின் மேல் கரியைக் குவித்து மூடி, விடியும் வரை அணையாமல் காக்க வேண்டும். டொரன்டோவுக்கு வந்த கடின நிலக்கரியில் பெரும்பகுதி பென்சில்வேனியாச் சுரங்கங்களுடையது. 1902 மே மாதத்தில் அங்கே 1,40,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அக்டோபர் வரை சுரங்கங்கள் முடங்கின. எல்லைக்கு இப்பால் ஒன்டாரியோ வீடுகளிலும் அந்தத் தட்டுப்பாடு உணரப்பட்டது. வீட்டின் சூடு தொலைதூரச் சுரங்கத்தைச் சார்ந்தது என்பதை நகரம் அப்போது கண்டது.

வார்ப்பிரும்பு ஃபர்னஸுக்கு ஒரு குறை இருந்தது. பல துண்டுகளாக வார்த்துப் பூட்டிய பகுதிகள் சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் கோணிக்கொள்ளும். மூட்டு இடைவெளிகளில் புகையும் நச்சு வாயுவும் அறைக் காற்றில் கசியும். இதற்கு விடையாக ரிவெட் அடித்த எஃகுத் தகட்டு ஃபர்னஸை 1895இல் அயோவா மாநிலத்தின் மார்ஷல்டவுனில் டேவ் லெனாக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் இயந்திரப் பட்டறை வைத்திருந்தவர். 1904இல் அந்தத் தொழிலை உள்ளூர்ப் பத்திரிகையாளர் டி. டபிள்யூ. நாரிஸிடம் விற்றுவிட்டார். பெயர் மட்டும் நிலைத்தது. நெருப்பையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கும் உலோகச் சுவரில் விரிசல் விழக் கூடாது என்பதே அன்றைய கவலை. இன்றைக்கும் ஃபர்னஸின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தச் சுவர்தான். அதற்கு இப்போது வெப்பப் பரிமாற்றி என்று பெயர்.

சுவரில் ஒரு சிறு பெட்டி

ஆளில்லாமல் நெருப்பைக் கட்டுப்படுத்தும் முயற்சி 1880களில் தொடங்கியது. விஸ்கான்சினில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திய வாரன் ஜான்சன், அறையின் சூட்டை மின்சாரத்தால் அறிவிக்கும் கருவிக்கு 1883இல் காப்புரிமை பெற்றார். மினியாபொலிஸில் ஆல்பர்ட் பட்ஸ் 1885இல் உருவாக்கிய கருவி அடுத்த படிக்குச் சென்றது. அறை குளிர்ந்தால் சிறு மோட்டார் ஒன்று நிலக்கரி ஃபர்னஸின் காற்றுக் கதவைத் தானே திறக்கும். வேண்டிய சூடு வந்ததும் மூடும். அவர் தொடங்கிய நிறுவனம் பல கை மாறி ஹனிவெல் ஆனது. அது 1953இல் வெளியிட்ட, ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்த வட்டத் தெர்மோஸ்டாட்டை இன்றும் பல பழைய வீடுகளின் நடைச் சுவரில் காணலாம். உள்ளே சுருள் தகடு ஒன்று விரிந்து சுருங்கும்; அதன் நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழில் பாதரசத் துளி சாய்ந்து மின்தொடர்பைச் சேர்க்கும், பிரிக்கும். அதைக் கழற்றும்போது குப்பையில் போடாமல் பாதரசக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

1930களில் மின்விசிறி ஃபர்னஸுக்குள் புகுந்தது. காற்று தானாக ஏறக் காத்திருக்க வேண்டியதில்லை என்றானதும் குழாய்கள் மெலிந்தன, கருவி சிறுத்தது. நிலவறையில் இடம் பிறந்தது. பின்னாளில் வாடகைக்கு விடும் அறைகளும் தனிக் குடியிருப்புகளும் அந்த இடத்தில்தான் வந்தன.

விளக்குக்கு வந்த வாயு

டொரன்டோவுக்கு வாயு முதலில் வந்தது வெளிச்சத்துக்காக. 1841இன் இறுதியில் நகரத் தெருக்களில் வாயு விளக்குகள் எரியத் தொடங்கின. அந்த வாயுவை விற்ற நிறுவனத்தின் விலையிலும் தரத்திலும் நிறைவில்லாத நகரத்தார் கூடித் தொடங்கியதே கன்ஸ்யூமர்ஸ் கேஸ் நிறுவனம். 1848இல் அது சட்டப்படி அமைந்தது. பயனாளர்களே உரிமையாளர்கள் என்ற எண்ணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. நிலக்கரியை மூடிய கலங்களில் காய்ச்சி வாயு எடுத்தார்கள். அந்த ஆலையின் செங்கல் கட்டடங்கள் சில ஃபிரண்ட் தெரு, பார்லிமென்ட் தெரு, பெர்க்லி தெருப் பகுதியில் இன்னும் நிற்கின்றன. ஒன்றில் காவல் நிலையம் நடக்கிறது, வேறு சிலவற்றில் நாடகமும் இசைநாடகமும் வளர்கின்றன.

மின்விளக்கு வந்ததும் வாயுவுக்கு வெளிச்சத் தொழில் போயிற்று. சமையலும் சூடேற்றலும் அதன் புதிய சந்தையாயின. வாயுவைக் காற்றோடு முன்கூட்டியே கலந்து எரித்தால் புகையில்லாத நீலச் சுடர் கிடைக்கும் என்பதை ராபர்ட் பன்சனின் ஆய்வகம் 1855இல் காட்டியிருந்தது. எரிவாயு அடுப்பு முதல் ஃபர்னஸ் வரை எல்லாம் அந்தச் சுடரின் வழி வந்தவை. 1919 டிசம்பரில் நியூ ஜெர்சியின் மாரிஸ்டவுனைச் சேர்ந்த ஆலிஸ் பார்க்கர் என்ற கறுப்பினப் பெண்மணி எரிவாயு ஃபர்னஸ் அமைப்பு ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பல சுடர்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு, வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் வேண்டிய அளவு சூடு என்பது அவர் கருத்து. அந்த வடிவம் தயாரிப்புக்குப் போகவில்லை. ஆனால் பகுதிவாரியாகச் சூடேற்றுவது என்ற அவருடைய எண்ணத்தை இன்றைய வீடுகள் நடைமுறையாக்கியிருக்கின்றன.

நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு விலை மிகுந்தது. அதைக் கொண்டு வீடு முழுவதையும் சூடாக்க வசதி படைத்தோராலேயே முடிந்தது. மற்றவர்கள் கரியிலேயே தொடர்ந்தார்கள், அல்லது எண்ணெய்க்கு மாறினார்கள்.

ஆல்பர்ட்டாவிலிருந்து ஒரு குழாய்

தென்மேற்கு ஒன்டாரியோவில் இயற்கை எரிவாயு 1889 முதலே எடுக்கப்பட்டது. யூஜீன் கோஸ்ட் எசெக்ஸ் பகுதியில் தோண்டிய கிணறு அந்த ஆண்டில் வாயு தந்தது. ஆனால் டொரன்டோவுக்குப் போதுமான அளவு வர 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் வந்தது அமெரிக்க வாயு, நயாகரா வழியே. கனடாவின் சொந்த வாயுவை ஆல்பர்ட்டாவிலிருந்து கொண்டுவரும் டிரான்ஸ்கனடா குழாய்த் திட்டம் 1956இல் நாடாளுமன்றத்தில் பெரும் புயலைக் கிளப்பியது. விவாதத்தை வெட்டி மசோதாவை நிறைவேற்றியதற்காக லிபரல் அரசு கடும் கண்டனத்துக்கு ஆளானது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சியையும் இழந்தது. குழாய் மட்டும் நிற்கவில்லை. 1958 அக்டோபரில் அது முழுமை அடைந்து, மேற்கின் வாயு டொரன்டோவை அடைந்தது.

மாற்றம் வீடு வீடாக நடந்தது. ஒரே கன அளவில் இயற்கை வாயு தரும் சூடு, நிலக்கரி வாயுவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆகவே பழைய துளை வழியாகப் புதிய வாயுவை விட்டால் சுடர் அளவு மீறும். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் வெந்நீர்க் கலத்திலும் ஃபர்னஸிலும் துளையைச் சிறிதாக்கிக் காற்றின் அளவைத் திருத்த வேண்டியிருந்தது. இயற்கை வாயுவுக்கு மணம் கிடையாது என்பது இன்னொரு சிக்கல். 1937 மார்ச்சில் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற வாயு கசிந்து வெடித்து, ஏறத்தாழ 300 மாணவரும் ஆசிரியரும் இறந்தார்கள். அதன் பிறகே அழுகிய முட்டை போன்ற நாற்றம் தரும் பொருளை வாயுவில் கலப்பது கட்டாயமானது. நிலவறையில் அந்த நாற்றம் வந்தால் விளக்கைக்கூடப் போடாமல் வெளியேறி, அயலிலிருந்து வாயு நிறுவனத்தை அழைக்க வேண்டும் என்ற இன்றைய விதி அந்தப் பிள்ளைகளின் இழப்பில் பிறந்தது.

போருக்குப் பின் எழுந்த ஸ்கார்பரோ வீடுகளில் பல இந்த வாயுவோடு வளர்ந்தவை. அவற்றில் நின்ற ஃபர்னஸ் எளியது. தடித்த எஃகு வெப்பப் பரிமாற்றி, ஒரு விசிறி, வாயு வால்வு, எப்போதும் எரியும் பைலட் சுடர். அந்தச் சுடரின் மேல் இரு வேறு உலோகங்கள் இணைந்த விரல் நீளக் கம்பி ஒன்று காயும். சூட்டால் அதில் பிறக்கும் மின்னழுத்தம் முப்பது மில்லிவோல்ட் அளவே. அந்தச் சொற்ப மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்தால் கம்பி குளிரும், வால்வு விழுந்து மூடும். கெட்டுப்போக அதில் அதிகம் எதுவுமில்லை. 30, 40 ஆண்டுகள் அது உழைத்தது வியப்பில்லை. ஆனால் எரித்த வாயுவின் சூட்டில் 60, 65 சதவீதமே வீட்டுக்குள் தங்கியது. மற்றது புகைபோக்கியைச் சூடாக்கிவிட்டு வானத்துக்குப் போனது.

சிக்கனத்தின் விலை

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் அந்த இழப்பு கண்ணை உறுத்தியது. கனடா அரசு 1980இல் தொடங்கிய திட்டம் ஒன்று, வீட்டு எண்ணெய் ஃபர்னஸைக் கைவிட்டு வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறுவோருக்கு 800 டாலர் வரை உதவித்தொகை தந்தது. பல ஒன்டாரியோ வீடுகளில் எண்ணெய்க் குழாய்க்கு மூடி விழுந்த காலம் இது. அந்த ஃபர்னஸ்களில் பல நல்ல நிலையில்தான் இருந்தன.

வாயு ஃபர்னஸுக்குள்ளும் மாற்றம் தொடங்கியது. பைலட் சுடர் நீங்கி மின்பொறியும் பழுக்கக் காயும் இக்னைட்டரும் வந்தன. புகையை இழுத்து வெளியேற்ற ஒரு சிறு விசிறி சேர்ந்தது. பயன்திறன் 80 சதவீதத்தை எட்டியது. அதற்கு மேல் போக வேண்டுமானால் புகையிலிருக்கும் நீராவியைப் பிடிக்க வேண்டும். இயற்கை வாயு எரியும்போது கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர். அந்த ஆவியில் வாயுவின் மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. புகையை 55 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் ஆவி நீராகி, அந்தச் சூட்டை விட்டுக்கொடுக்கும். இதற்காக இரண்டாவது வெப்பப் பரிமாற்றி ஒன்று பொருத்தப்பட்டது. 1982இல் லெனாக்ஸ் வெளியிட்ட ‘பல்ஸ்’ ஃபர்னஸ் 90 சதவீதத்தைத் தாண்டிய முன்னோடிகளில் ஒன்று.

சட்டம் பின்தொடர்ந்தது. அமெரிக்காவில் 1992 முதல் வீட்டு ஃபர்னஸின் ஆண்டுப் பயன்திறன் குறைந்தது 78 சதவீதம் இருக்க வேண்டும் என்றானது. கனடா 2009இன் முடிவில் 90 சதவீதத்தையும், 2019இல் 95 சதவீதத்தையும் கட்டாயமாக்கியது. ஆகவே இன்று டொரன்டோ வீட்டுக்கு வாங்கும் புதிய வாயு ஃபர்னஸ் எல்லாமே ‘ஹை எஃபிஷியன்சி’ வகைதான். 60 சதவீத ஃபர்னஸை விட்டு 95 சதவீதத்துக்கு மாறினால், அதே சூட்டுக்குத் தேவைப்படும் வாயு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறையும். 80லிருந்து 96க்கு மாறினால் ஆறில் ஒரு பங்கு குறையும்.

இந்தச் சிக்கனத்துக்கு ஆயுளில் விலை கொடுக்க நேர்ந்தது. புகையிலிருந்து பிரியும் நீர் அமிலத்தன்மை உடையது. அது தொடும் உலோகத்தை மெல்ல அரிக்கும். ஆகவே இரண்டாவது பரிமாற்றிக்குத் துருப்பிடிக்காத எஃகு தேவைப்படுகிறது. அதுவும் என்றென்றைக்கும் தாங்குவதில்லை. சூடு விரைவில் கடக்க வேண்டும் என்பதற்காக முதல் பரிமாற்றியின் தகடும் மெலிந்தது. இழுவிசிறி, அழுத்த உணரி, மின்னணுப் பலகை, நீர் வடியும் குழாய் என்று உறுப்புகள் பெருகின. ஒவ்வொன்றும் பழுதுக்கு ஒரு வாசல். ஒரு சில உறுப்புகளோடு நாற்பது ஆண்டு ஓடிய கருவியின் இடத்தில், பல உறுப்புகளோடு பதினைந்து ஆண்டு ஓடும் கருவி நிற்பதன் காரணம் இதுதான்.

ஆயுளைக் குறைப்பவை, கூட்டுபவை

ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு ஃபர்னஸ்களில் ஒன்று 12 ஆண்டிலும் மற்றது 25 ஆண்டிலும் ஓய்வது உண்டு. வேறுபாட்டுக்கு முதற்காரணம் அளவு. வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய ஃபர்னஸ் சில நிமிடங்களில் அறையைச் சூடாக்கி அணைந்துவிடும். சற்று நேரத்தில் மறுபடி எரியும். ஒவ்வொரு எரிதலிலும் உலோகம் விரிகிறது, ஒவ்வொரு அணைதலிலும் சுருங்குகிறது. கம்பியை மீண்டும் மீண்டும் வளைத்தால் முறிவதுபோல, ஒரு நாள் வளைவான இடத்தில் மயிரிழை விரிசல் விழுகிறது.

இரண்டாவது காரணம் காற்றோட்டம். வடிகட்டியில் தூசி அடைத்தால் பரிமாற்றியின் மேல் போதிய காற்று ஓடாது. தகடு அளவுக்கு மீறிக் காயும். பாதுகாப்பு விசை அடிக்கடி கருவியை நிறுத்தும். மெல்லிய வடிகட்டியை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினாலே இந்த இடர் நீங்கும். மூன்றாவது, எரிவதற்கு இழுக்கும் காற்று. நிலவறையில் ப்ளீச், பெயின்ட், சலவைப் பொருள்களை ஃபர்னஸுக்கு அருகில் வைத்தால், அவற்றின் குளோரின் ஆவி சுடரில் சேர்ந்து கூடுதல் அமிலத்தை உண்டாக்கும்.

விரிசல் விட்ட பரிமாற்றியை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. எரிதல் குலைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும்; அது நிறமும் மணமும் இல்லாமல் உயிரைப் பறிக்கும். 2008இல் ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டதால் ஒரே குடும்பத்தின் நால்வர் இறந்தார்கள். அந்தத் துயரமே எரிபொருள் எரியும் வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டத்துக்கு வழிவகுத்தது. 2014 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. பரிமாற்றியில் விரிசல் கண்டால் டெக்னீஷியன் சிவப்புச் சீட்டு கட்டி வாயுவை மூடிவிடுவார். அப்போது ஃபர்னஸை மாற்றுவது தவிர வழி குறைவு. உத்தரவாதத்தில் புதிய பரிமாற்றி கிடைத்தாலும் அதைப் பொருத்தும் கூலி அதிகம். விரிசலைக் காட்டும் படத்தை வீட்டார் கேட்டுப் பெறுவதும், ஐயம் இருந்தால் இரண்டாவது டெக்னீஷியனை அழைப்பதும் நியாயமான வழக்கம்.

மற்றப் பழுதுகள் அவ்வளவு கடுமையானவை அல்ல. இக்னைட்டரும் சுடர் உணரியும் சிறு செலவு. இழுவிசிறியும் மின்னணுப் பலகையும் நடுத்தரச் செலவு. ஆயுளின் முக்கால் பங்கு கடந்த ஃபர்னஸில் பழுதுச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மாற்றிவிடுவது தொழிலில் பலரும் பின்பற்றும் கைக்கணக்கு. வயது தெரியாவிட்டால் முன்கதவைக் கழற்றி உள்ளே ஒட்டிய தகட்டைப் பார்க்கலாம். வரிசை எண்ணுக்குள் தயாரித்த ஆண்டு மறைந்திருக்கும்.

மாற்று ஃபர்னஸைத் தேர்வது

பழைய தகட்டில் எழுதிய அளவிலேயே புதியதை வாங்குவது நெடுநாளைய தவறு. பழைய ஃபர்னஸ் காற்றுக் கசியும் சன்னல்களும் வெற்றுப் பரணும் இருந்த காலத்து வீட்டுக்காகத் தேர்ந்தது. யாரும் குளிரக் கூடாதே என்று அப்போதே சற்றுப் பெரிதாகவும் வைத்தார்கள். பிறகு சன்னல் மாறியது, பரணில் பஞ்சு நிரம்பியது. பழையது 1,00,000 பிடியு (மணிக்கான வெப்ப அளவு) என்றிருந்த சிறு வீட்டுக்கு, கணக்கிட்டால் 40,000 முதல் 60,000 போதும் என்று வருவது சாதாரணம். சுவர், சன்னல், பரண், காற்றுக்கசிவு எல்லாவற்றையும் அளந்து வெப்ப இழப்பைக் கணிக்கக் கனடாவில் எஃப்280 என்ற தரமுறை இருக்கிறது. அந்தக் கணக்கைத் தாளில் தரும் ஒப்பந்தக்காரரை நம்பலாம். பழைய தகட்டைப் படம்பிடித்துவிட்டு விலை சொல்பவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

அடுத்தது எரியும் முறை. ஒற்றை நிலை ஃபர்னஸ் முழு வேகத்தில் எரியும் அல்லது அணையும். இரு நிலை ஃபர்னஸ் பெரும்பாலான நாட்களில் தணிந்த சுடரில் நெடுநேரம் ஓடி, கடுங்குளிரில் மட்டும் முழு வேகம் எடுக்கும். தேவைக்கேற்ப ஏறி இறங்கும் மூன்றாவது வகை விலை கூடியது. அதன் வால்வும் பலகையும் பழுதானால் செலவும் கூடும். சிறிய, நன்கு மூடிய வீட்டுக்குச் சரியான அளவிலான ஒற்றை நிலையே போதும். அறைகளுக்கிடையே சூடு ஏறுமாறாக இருக்கும் இரண்டு மாடி வீட்டுக்கு இரு நிலை நல்ல பயன் தரும். 95க்கும் 97 சதவீதப் பயன்திறனுக்கும் இடையிலான வேறுபாட்டைவிட அளவும் பொருத்தும் திறமுமே கட்டணத்தில் அதிகம் தெரியும்.

மூன்றாவது புகைவழி. ஹை எஃபிஷியன்சி ஃபர்னஸின் புகை குளிர்ந்தது; அது செங்கல் புகைபோக்கியில் ஏறாது, பக்கச் சுவரின் பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறும். அந்தக் குழாய்முனை பனிக்குவியலுக்கு மேலே இருக்க வேண்டும். பனிப்புயலுக்குப் பிறகு வீட்டார் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபர்னஸ் விலகியதும் பழைய புகைபோக்கியில் வெந்நீர்க் கலம் மட்டும் தனித்து நிற்கும். அத்தனை அகலமான வழிக்கு அதன் சிறு புகை போதாது. குளிர்ந்து செங்கல்லில் ஈரமாகப் படிந்து சுவரைக் கெடுக்கும். புகைபோக்கிக்குள் உலோக உறை இறக்குவதோ, வெந்நீர்க் கலத்தையும் சேர்த்து மாற்றுவதோ அந்த நேரத்திலேயே முடிவாக வேண்டும்.

நான்காவது ஆளும் தாளும். ஒன்டாரியோவில் வாயு வேலை செய்பவர் மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் உறுப்புகளுக்கு 10 ஆண்டு, பரிமாற்றிக்கு அதைவிட நீண்ட காலம். குறித்த நாட்களுக்குள் பதிவு செய்யாவிட்டால் அது சுருங்கிவிடும். வாசலில் வந்து ஃபர்னஸையும் வெந்நீர்க் கலத்தையும் நீண்ட கால வாடகை ஒப்பந்தத்தில் தள்ளிவிடும் வழக்கம் முதியோரையும் புதிதாகக் குடியேறியோரையும் பெரிதும் வதைத்தது. 2018 மார்ச் 1 முதல் ஒன்டாரியோ அந்த வாசல் விற்பனையைத் தடைசெய்தது. வாடகைக் கருவியைக் காட்டி வீட்டின் உரிமைப் பத்திரத்தின் மேல் கடன் அறிவிப்புப் பதியும் முறையையும் 2024இல் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. வாடகையா, சொந்தமா என்ற கேள்விக்கு மாதத் தொகை மட்டும் விடையாகாது. ஒப்பந்த ஆண்டுகள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் சொந்தமாக வாங்குவதே மலிவு.

சுவரில் அடுத்த துளை

இன்று பொருத்தும் ஃபர்னஸ் 2040 வரை ஓடக்கூடும். அதற்குள் எரிபொருள் மீண்டும் மாறுமா என்பதும் தேர்வின் ஒரு பகுதி. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப், கோடைக் குளிரூட்டியின் இடத்திலேயே நின்று இரண்டு வேலையும் செய்கிறது. வாயு ஃபர்னஸை வைத்துக்கொண்டு, மிதக்குளிருக்கு ஹீட் பம்ப், கடுங்குளிருக்கு வாயு என்று கலந்து ஓட்டும் வீடுகளும் பெருகுகின்றன. அப்படி ஓடினால் ஃபர்னஸ் எரியும் நேரம் குறையும், தேய்வும் குறையும். ஆகவே ஃபர்னஸ் மாற்றும்போதே குளிரூட்டியின் வயதையும், காற்றுக் குழாய்களின் அகலத்தையும், மின்பெட்டியின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்ப்பது முறை. இரும்புக் கதவு, எண்ணெய்க் குழாய், புகைபோக்கி, வெள்ளைக் குழாய்கள் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், உறையிட்ட இரண்டு செப்புக் குழாய்கள் நுழைய ஒரு சிறு துளை டொரன்டோவின் பல சுவர்களில் விழத் தொடங்கிவிட்டது.